சொல்லைக் கழற்றிவிட்டுக் கேட்டவர்

எந்தப் பாட்டைக் கேட்டாலும் அக்கா முதலில் அதிலிருந்து சொற்களைக் கழற்றிவிடுவார். பிறகு கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு வெறும் மெட்டை ஒருமுறை முனகிப் பார்ப்பார். முனகி முடிந்ததும் எதிரில் நிற்பவரிடம் ஒரே கேள்விதான்.

"இப்ப சொல்லும் பாப்பம். இது என்ன சொல்லுது?"

ஊரில் அவருக்குத் தபால் அக்கா என்று பெயர். ஊர்காவற்றுறைத் தீவின் கடலோரத்தில் இருந்த எங்கள் கத்தோலிக்கக் கிராமத்தின் உபதபால் கந்தோர் அவர் பொறுப்பில் இருந்தது. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் அவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்குப் பிடிக்காது. ஆனால் எனக்குக் கதைக்காமல் இருக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வரிசையில் நின்று பாடினேன் என்ற பெருமையை நான் வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் எண்பத்து நாலில் கலியாணம் முடித்து அந்த ஊருக்குப் போனவள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். மாமி பாடகர் குழுவில் இருந்ததால் என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் பாட்டுப் பழக்கத்திலேயே எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. ஒரு பாட்டின் சொற்களையெல்லாம் விட்டுவிட்டு 'லா, லா' என்று அரைமணி நேரம் பாட வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மெட்டு ஒரு சத்தம்தானே அக்கா. சத்தத்தில என்ன பாவம், என்ன புண்ணியம்? சொல்லுத்தான் செபம். மற்றதெல்லாம் கணக்கு" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "கொஞ்சம் இரும்" என்றார். நான் வாங்கில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சோறு ஆறுகிறது, சாப்பிட வா என்று கூப்பிடுவது போல இருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். இரண்டாம் முறையும் அதே பெயரைத்தான் கூப்பிட்டார். காலுக்குக் கீழே பாம்பு கிடக்கிறது என்பது போல. நான் துள்ளி எழும்பிவிட்டேன். குழு முழுவதும் சிரித்தது.

"ரண்டு தரமும் ஒரே சொல்லுத்தான் ரீச்சர். ரண்டாவதுக்கு ஏன் எழும்பினனீர்?"

 அன்று நான் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. அது குரல், சங்கீதம் இல்லை என்று சாதித்தேன். அக்கா என்னை அடுத்த நாள் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய ஐயாவுக்கு இரண்டு காதும் கேட்காது. வீட்டிலும் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அக்கா வாசிக்கும்போது ஐயா தன் உள்ளங்கையை அதன் பலகையில் பதித்து வைத்திருப்பார். அக்கா ஒரு மெட்டை வாசித்தார். ஐயா, "செத்தவீட்டுக்கு வாசிக்கிறாய்" என்றார். இன்னொன்றை வாசித்தார். ஐயா சிரித்துக்கொண்டு, "யேசு பாலன் பிறப்பு" என்றார். கையால் கேட்ட மனிதர் பிழைவிடவில்லை. நான் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தபால் கந்தோரிலும் அக்கா இப்படித்தான். தந்திகள் பெரிய கந்தோரிலிருந்து தொலைபேசியில் வரும். அக்கா கேட்டு எழுதுவார். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது கணேசனின் வேலை. கணேசன் வேலணைப் பக்கத்துச் சைவப் பிள்ளை. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை. ஆனால் மரணச் சேதி வந்தால் அக்கா அதைக் கணேசனிடம் கொடுக்கமாட்டார். கந்தோரைப் பூட்டிவிட்டுத் தானே போவார்.

"தந்தியில குரல் இல்லை ரீச்சர். அந்தச் சனம் அதை என்ன குரலில வாசிக்கும்? தாங்க ஏலாத குரலிலதான் வாசிக்கும். நான் போய்ச் சொன்னா ஒரு மனுசக் குரலிலயாவது கேப்பினம்."

எண்பத்து மூன்று கலவரத்தின்போது கொழும்பில் வேலை செய்த ஒரு பெடியனைப் பற்றிப் பத்து நாளாகத் தகவல் இல்லை. தாய் சாப்பாட்டை விட்டுவிட்டாள். பிறகு உயிரோடு முகாமில் இருப்பதாகத் தந்தி வந்தது. அக்கா ஒழுங்கை முனையிலிருந்தே உயிர்ப்புப் பெருவிழாவின் அல்லேலூயாவைப் பாடிக்கொண்டு போனாராம். கோயிலுக்கு வெளியே அவர் பாடி ஒருவரும் கேட்டதில்லை. தந்தியைப் பிரிக்கும் முன்பே தாய் முற்றத்தில் விழுந்து நிலத்தை முத்தமிட்டாள் என்று மாமி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை எங்கள் பங்குக்கு இளம் சுவாமியார் ஒருவர் மாறி வந்தார். நல்ல மனிதர். இளைஞர்களைக் கோயிலுக்கு இழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த வருடம் எல்லாத் தேநீர்க் கடையிலும் ஒலித்த ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் யேசுவின் மேல் பாட்டு எழுதிக்கொண்டு பழக்கத்துக்கு வந்தார். சொற்கள் அழகாகத்தான் இருந்தன. அக்கா வாங்கி வாசித்தார். பிறகு வழக்கம்போலச் சொல்லைக் கழற்றிவிட்டு மெட்டை மட்டும் முனகினார். பின்வரிசைப் பெடியன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெட்டைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பாத்தீங்களே சுவாமி," என்றார் அக்கா. "சொல்லு யேசுவைப் பாத்து நடக்குது. மெட்டு வேற ஆரையோ பாத்துக் கண்ணடிக்குது."

சுவாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மெட்டு ஒரு முட்டி மாதிரித்தானே அக்கா? கள்ளு இறக்கிற முட்டியிலதானே வெறிக்காத கருப்பநீரும் இறக்கினம்?"

"இறக்கலாம் சுவாமி. ஆனா உள்ளுக்குச் சுண்ணாம்பு பூசவேணும். பூசாட்டி அதே மரம், அதே முட்டி, கள்ளுத்தான் வரும்."

"அப்ப பாட்டுக்கு அந்தச் சுண்ணாம்பு எது? அதைச் சொல்லுங்கோ."

அக்கா யோசித்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"தெரியாது சுவாமி" என்றார் கடைசியில். "தெரியுமட்டும் நான் உதை வாசிக்கமாட்டன்."

தெரியாது என்பதை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்ன ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மெட்டு வெறும் சத்தம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாளோடு முடிந்தது. அது றெஜியின் செத்தவீடு. றெஜி எங்கள் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடியவன். இயக்கத்துக்குப் போனான். ஒன்றரை வருடத்தில் பெட்டியில் வந்தான். கோயில் நிறையச் சனம். வெளியே இன்னும் அதிகம். இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் தோளில் துவக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்து அக்காவிடம் ஒரு பாட்டுக் கசற்றை நீட்டினார். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது அதிலிருந்த அணிவகுப்புப் பாட்டைக் குழு பாட வேண்டும் என்றார். முதல் நாளே அது சந்தியில் ஒலிபெருக்கியில் போனது. எல்லோருக்கும் பாடமாகிவிட்டிருந்தது.

அக்கா கசற்றைக் கையில் வாங்கவில்லை.

"இது கோயிலுக்குள்ள வராது தம்பி."

"சொல்லில என்ன பிழை அக்கா? வீரத்தைத்தானே சொல்லுது?"

"சொல்லில பிழை இல்லை. இஞ்ச கேளும்." அக்கா அந்த மெட்டை முனகத் தொடங்கினார். மெல்லத்தான். ஆனால் கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பக்கச் சன்னல்களில் என் வகுப்புப் பிள்ளைகள் ஏறிநின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது.

"அந்தப் பிள்ளையளின்ர காலைப் பாரும்" என்றார் அக்கா.

பொறுப்பாளர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சன்னல் கட்டில் நின்ற ஒவ்வொரு காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கே அது தெரியவில்லை. பிறகு நான் குனிந்து பார்த்தேன். செருப்பில்லாத என் காலின் பெருவிரல் நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தது. றெஜி மூன்று முழத் தூரத்தில் கிடக்கிறான். என் விரல் தட்டுகிறது.

"இது அழேல்லைத் தம்பி. அடுத்தவனைக் கூப்பிடுது" என்றார் அக்கா.

"அப்ப அவன் வீரன் இல்லையோ?"

"அவன் வீரன் எண்டு சொல்ல நீங்கள் இருக்கிறியள். அவன் ஒரு தாயின்ர பிள்ளை எண்டு சொல்ல ஆர் இருக்கினம்? இந்தக் கோயில்தான் இருக்குது. வெளியில உங்கட விருப்பம். இந்தப் படிக்கு இஞ்சால என்ர விருப்பமும் இல்லை, உங்கட விருப்பமும் இல்லை."

சுவாமியார் பலிபீடத்தருகே பூசைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார். துவக்கு வைத்திருந்தவரிடம் அப்படிக் கதைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறுப்பாளர் கசற்றைச் சட்டைப் பைக்குள் போட்டார். "உங்களோட பிறகு கதைக்கிறம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெட்டியைத் தூக்கியபோது அக்கா வாசித்தது எங்கள் கரைத் தாய்மார் ஏணையை ஆட்டிக்கொண்டு முனகுகிற தாலாட்டின் மெட்டு. அதற்கு ஒழுங்கான சொற்கூட இல்லை. அதுவரை மரம்போல இருந்த றெஜியின் தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். சன்னல் கட்டிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

அடுத்த கிழமை அக்காவைக் கூப்பிட்டு வேலணையில் ஒரு வீட்டில் காலையிலிருந்து பின்னேரம்வரை இருத்தி வைத்தார்கள். நாங்கள் பஸ் தரிப்பில் போய் நின்றோம். நாலரை மணி பஸ்ஸில் கைப்பையோடு வந்து இறங்கினார்.

"என்ன அக்கா கேட்டவை?"

"மெட்டுக்குக் கட்சி இருக்கோ எண்டு கேட்டாங்கள். கட்சி இல்லை, மனச்சாட்சி இருக்குது எண்டன். ரீ தந்தாங்கள். சீனிதான் கூடிப்போச்சு" என்றார்.

அக்காவிடம் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவரால் மனம் நொந்தவர்கள் உண்டு. அந்தோனி அண்ணை ஒருவர். கடல் தொழில். ஊரிலேயே நல்ல குரல். ஆனால் எந்தச் செபப் பாட்டை எடுத்தாலும் மூன்றாம் வரியில் அது கொண்டாட்டத்துக்கு ஆடுகிற பைலாவாகிவிடும். தோளும் சேர்ந்து ஆடும். அக்கா அவரைக் குழுவிலிருந்து நிறுத்தினார். "உங்கட தொண்டைக்குள்ள எந்த நேரமும் கலியாணவீடு நடக்குது அண்ணை. அதை முடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அந்தோனி அண்ணை சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அதன் பிறகு பூசையில் கடைசி வாங்கில், வாய் திறக்காமல்தான் இருப்பார்.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மனைவி காய்ச்சலில் செத்துப்போனா. ஊரடங்கு போட்டிருந்தார்கள். பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. சேமக்காலைக் குழியில் மண் போட்டு, செபமும் முடிந்து, சனம் கலையப் போகிற நேரம் அந்தோனி அண்ணை பாடத் தொடங்கினார். ஒரு பைலாப் பாட்டு. வள்ளங்கள் கரைக்கு வரும்போது அவர் அதைப் பாடிக்கொண்டு வருவாராம், மனைவி கரையில் நின்று கைதட்டுவாவாம். துள்ளித் துள்ளிப் போகிற பாட்டு. அன்று அதை அவர் துள்ளவிடவில்லை. ஒவ்வொரு அடியாக, சேற்றுக்குள் நடக்கிற மாதிரிப் பாடினார்.

சனத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஒருவர், "அண்ணை, உது இஞ்ச வேண்டாம்" என்று தோளைத் தொட்டார்.

அக்கா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு குழியருகே வந்து நின்று, அந்தோனி அண்ணையின் குரலுக்குக் கீழே தன் குரலை வைத்து முனகத் தொடங்கினார். இரண்டு குரலும் பாட்டு முடியும்வரை போயின. நான் அழுதேன். பைலாவுக்கு அழுவேன் என்று ஒருவர் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த நாள் அக்கா அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் இருக்கச் சொல்லியும் அக்கா இருக்கவில்லை.

"மன்னிக்க வேணும் அண்ணை. மெட்டுக்கும் மனந்திரும்பத் தெரியும். எனக்குத்தான் அது தெரியாமல் போச்சு" என்றார்.

வரும் வழியில், மாற்றலாகிப் போயிருந்த அந்த இளம் சுவாமியாருக்குத் தபாலட்டை எழுதிப் போட்டார். என்னிடம் வாசிக்கவும் தந்தார். 'சுவாமி, நீங்கள் கேட்ட சுண்ணாம்பு பாட்டில் இல்லை, பாடுகிறவரின் நெஞ்சில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் சினிமாப் பாட்டை நான் வாசிக்கமாட்டேன்.'

தொண்ணூறாம் ஆண்டு தீவுக்குப் படை வந்து இறங்கியது. செல்லடிக்குப் பயந்து ஊர்ச் சனமெல்லாம் கோயிலுக்குள் இரண்டு நாளாக இருந்தோம். வேலைக்கு வந்து திரும்பிப் போக முடியாமல் கணேசனும் எங்களோடு இருந்தான். மூன்றாம் நாள் காலை சிப்பாய்கள் வந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் கோயிலுக்குள் விட்டுவிட்டு, மற்ற ஆண்கள் எல்லோரையும் பக்கத்துப் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தினார்கள். என் கணவரும் அங்கேதான். கைகள் பிடரியில்.

மத்தியானம் ஓர் அதிகாரி கோயிலுக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றினார். தீர்த்தத் தொட்டியில் விரலைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. தான் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கன் என்று உடைந்த தமிழில் சொன்னார். ஆர்மோனியத்தைக் கண்டதும் யார் வாசிக்கிறது என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றார். தன் அம்மா கோயிலில் பாடுகிற மாதா பாட்டு ஒன்று இருக்கிறது, அதை வாசிக்க முடியுமா என்றார் அவர். அவருக்கு அந்தப் பாட்டின் தமிழ்ச் சொல் தெரியாது. எங்களுக்குச் சிங்களச் சொல் தெரியாது. அதனால் அவர் மெட்டை மட்டும் முனகிக் காட்டினார்.

அது நாங்கள் சனிக்கிழமைதோறும் பாடுகிற பாட்டு. இரண்டு வரிசையிலும் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "வாசியுங்கோ அக்கா. மாதா அறிய, கெதியா வாசியுங்கோ."

அக்கா உட்காரவில்லை.

"இது ஆம்பிளையள் சேந்து பாடுற பாட்டு ஐயா. ஆம்பிளைக் குரல் இல்லாமல் இது நிக்காது. என்ர ஆம்பிளைக் குரல் எல்லாம் அந்த வளவுக்குள்ள வெயிலில இருக்குது."

அதிகாரி வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எத்தனை பேர்?" என்றார்.

"பதினாலு."

எங்கள் குழுவில் ஆண்கள் ஐந்து பேர்.

அதிகாரி தலையாட்டினார். அக்கா பக்கவாசலில் போய் நின்றார். அதிகாரியும் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொரு பெயரோடும் மேல்குரல், கீழ்க்குரல் என்று சேர்த்து. முதலில் உண்மையான ஐந்து பேர். பிறகு வாழ்நாளில் ஒரு வரி பாடாதவர்கள். ஒன்பதாவதாக என் கணவரின் பெயர் வந்தது. "கீழ்க்குரல்" என்றார் அக்கா. அவர் எழும்பி வந்தபோது அவருடைய முகத்தில் உயிர்ப் பயத்தை விடப் பாட்டுப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவர் செபம் சொன்னாலே பக்கத்தில் நிற்பவர்களின் ராகமும் இழுபட்டுவிடும்.

பதின்மூன்று பெயர் முடிந்தது. பதினாலாவதுக்கு அக்கா வாயைத் திறந்தார். அவருடைய கண் போன இடத்தை நானும் பார்த்தேன். முன்வரிசையில் கணேசன் இருந்தான். வியர்வையில் கரைந்தும் கரையாமலும் நெற்றியில் திருநீறு. அதிகாரியும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வாயை மூடினார். பிறகு வேறொரு பெயரைச் சொன்னார்.

பிறகு பாடினார்கள். வாசலில் சிப்பாய்கள் நின்று பார்த்ததால் சும்மா வாயசைக்க முடியாது, சத்தம் போட்டே ஆகவேண்டும். அப்படி ஓர் அபசுரத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. ஒன்பது குரலும் ஒன்பது திசையில் போயின. ஒரு சுரம் அரைக்கால் பங்கு இறங்கினாலே குழுவை நிறுத்திவிடுகிற அக்கா அன்று நிறுத்தவில்லை. எல்லாச் சரணமும் வாசித்தார். முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தார். காலால் மிதித்து மிதித்து, முதுகு நனைந்து, தலை நிமிர்ந்தபடி. பெண்கள் நாங்களும் சேர்ந்து எங்கள் குரலால் அவர்களின் குரலை மூடிக்கொண்டு பாடினோம்.

அதிகாரி குனிந்த தலையோடு நின்றார். அவர் அழுதார். நான் என் கண்ணால் கண்டேன். லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாடின ஆக்கள் உள்ளுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் லொறி வந்து, வளவில் மிச்சமாக இருந்தவர்களில் இளம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. கணேசனும் போனான். அவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாக நான் அறியவில்லை.

நாங்கள் தீவை விட்டு யாழ்ப்பாணம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். என் மனம் ஆறவில்லை. ஒருநாள் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது கேட்டுவிட்டேன்.

"அந்த ஆமிக்காரன் அழுதவனெல்லே அக்கா? அழுதவன்தானே கொண்டுபோனவன்? அப்ப அந்த மெட்டு என்னத்தைச் செய்தது?"

அக்கா வாளியை நிலத்தில் வைத்தார்.

"மெட்டு அவனுக்கு உண்மையைத்தான் சொன்னது. அவனுக்குக் கேட்டது. கேட்டபடியாத்தான் அழுதான். கேட்டவன் எல்லாம் கீழ்ப்படியிறதில்லை ரீச்சர். சுவிசேசத்திலயும் அப்பிடித்தானே கிடக்குது?" பிறகு வாளியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அண்டைக்குப் பொய் சொன்னது நான். மெட்டு இல்லை."

கணேசனின் மனைவி இன்னொரு முகாமில் இருப்பதாக அறிந்ததும் அக்கா தேடிப் போனார். நானும் போனேன்.  அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, "நான் உம்மட மனுசனைக் கண்டனான். கூப்பிடேல்லை. நெத்தியில திருநீறு இருந்தது. பொய் பிடிபட்டா எல்லாரையும் சுட்டுப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன்" என்றார். அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய்விட்டா. அக்கா வேப்பமரத்தின் கீழ் பொழுதுபடும்வரை இருந்தார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். எத்தனையாவது முறையோ, அந்தப் பெண் ஒரு பேணியில் பிளேன்ரீ கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் வைத்தா.  அக்கா அதைக் குடித்துவிட்டு எழுந்தார். இவ்வளவையும் போய்ச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரைப் பற்றி நான் பெருமைப்படுகிற விடயங்களில் துவக்குக்கு முன் நின்றதை விட இதைத்தான் மேலே வைப்பேன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்கள் பிரிந்துபோனோம். அவர் வன்னிக்குப் போனார். அங்கே ஓலைக் கொட்டில் கோயிலொன்றில் ஆர்மோனியம் இல்லாமலே ஒரு குழுவை நடத்தினார் என்றும், பிறகு மலேரியாவில் இறந்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

அதற்கு முன், யாழ்ப்பாணத்தில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு. பெரிய கோயில், பெரிய பாடகர் குழு. அக்கா எங்களோடு சனத்துக்குள் இருந்தார். அந்த மாதா பாட்டு வந்தது. என் கணவர் பாடினார். வெயிலில் இருந்து எழும்பி வந்த அன்றைக்குப் பிறகு அவர் எந்தப் பூசையிலும் வாயை மூடியதில்லை. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. எனக்கு அவருடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

பூசை முடிந்ததும் அந்தக் குழுவின் தலைவர் வந்தார். தீவிலிருந்து வந்தவர்களில் அக்காவுக்குச் சங்கீதம் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தார்போல. மரியாதையாகத்தான் கேட்டார்.

"அக்கா, உங்கட பக்கத்தில இருந்து ஒருத்தர் பாட்டைக் குழப்புறார். ஆர் அவர்? கொஞ்சம் மெல்லமாப் பாடச் சொல்லுங்கோவன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கணவரைக் காட்டினார்.

"அவரோ? அவர் என்ர கீழ்க்குரல்" என்றார்.